காணோம்னு போடச் சொன்ன கண்ணாடி

கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு யாராவது என் முன்னாடி சொன்னா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். பொய் சொல்லாதுதான், யாரு இல்லேன்னா? நாம போட்டதை அது பாட்டுக்குத் திருப்பிச் சொல்லும். போடச் சொன்னது யாரு, என்னத்த மனசுல வச்சிக்கிட்டுச் சொன்னாங்க, அதை மட்டும் சொல்லாது. அந்த ஒரு எடத்துலதான் எங்கண்ணனைத் திருடன் ஆக்கினாங்க. இவ்வளவு வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் ஆறல. ஆறவும் வேணாம்.

ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்குல இருக்கும். பாண்டியில பெரிய மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கண்ணாடிக் கடை. எங்கண்ணன் அங்க கண்ணாடி வெட்டறவன். பத்தாவதுல கோட்டை விட்டுட்டுப் போய் சேந்தவன், மீசை மொளச்சதே அந்தக் கடையிலதான். எங்க வீடு குருசுக்குப்பம். அப்பா கெடையாது. எங்கம்மா பெரிய மார்க்கெட்டுல மீன் விக்கிறவ. நான் பி.காம் முடிச்சிட்டு, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடிச்சிட்டு, வீட்ல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

எனக்கு அந்தக் கடையில வேலை கெடச்சதுக்குக் காரணம் என் பி.காம் இல்ல, பிரெஞ்சு. எங்க ஊர்ல பாதிப் பசங்க மார்க்குக்காக ஸ்கூல்ல தமிழை விட்டுட்டு பிரெஞ்சு எடுப்பாங்க, நானும் அப்படித்தான் எடுத்தேன். மொதலாளியோட பொண்ணை சொல்தா குடும்பத்துல குடுத்திருந்தாங்க. சொல்தான்னா, தாத்தா காலத்துல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமையோட பென்ஷன் வாங்கற குடும்பம். மாப்பிள்ளைக்கு பாரீஸ் பக்கத்துல ஜன்னல் செய்யற கம்பெனியில வேலை. அவரு ஒரு லீவுக்கு வந்தப்ப, கண்ணாடி வெட்டறதுக்குப் படம் போட்டுத் தர்ற சாஃப்ட்வேர் ஒண்ணைக் கொண்டாந்து மாமனார் கடையில வச்சாரு. திறந்தா எல்லாம் பிரெஞ்சு. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாவி சொருகி இருக்கணும், இல்லாட்டி அது திறக்கவே திறக்காது. மொதலாளி தடவித் தடவிப் பாத்துட்டு, "உந்தங்கச்சி பிரெஞ்சு படிச்சுதில்ல, கூட்டிட்டு வாடா"ன்னு எங்கண்ணன்கிட்ட சொன்னாரு. நான் போயிட்டேன்.

சாஃப்ட்வேர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அதை மொதல்லயே சொல்லிடறேன். அருமையான சாமான் அது. ஜன்னலுக்கு இத்தனை, கதவுக்கு இத்தனை, ஷோகேஸுக்கு இத்தனைன்னு அன்னிக்கு வந்த ஆர்டரையெல்லாம் அளவோட போட்டுட்டு பட்டனைத் தட்டினா, முழு ஷீட்டுல எதை எங்க வச்சு வெட்டினா வீணாப் போறது கம்மியாகும்னு கட்டம் கட்டமா படம் போட்டுக் காட்டும். படத்தை பிரிண்ட் எடுத்து அண்ணன்கிட்ட குடுப்பேன். அவன் அதை மேஜை ஓரத்துல ஒட்டி வச்சிக்கிட்டு, அது சொன்ன வரிசையில கோடு போட்டு ஒடச்சு எடுப்பான். மொத நாள் ஒரு ஷீட் முடிஞ்சதும் மிச்சம் இருந்த சீவலைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "அடேங்கப்பா, இவ்ளோதானா மிச்சம்?"னு சிரிச்சான். அவனுக்கும் அது புடிச்சிருந்துச்சு. மனுஷன் யாரும் அவ்வளவு யோசிக்க முடியாதுன்னு அவனே சொன்னான்.

இப்ப அந்தக் கடையோட ஒரு வழக்கத்தைச் சொல்லணும். சாமி படத்துக்குக் கண்ணாடின்னு கேட்டு ஏழை பாழை யாரு வந்தாலும் அங்க காசு வாங்க மாட்டாங்க. முருகரோ மாதாவோ நாகூர் தர்காவோ, எந்தப் படமா இருந்தாலும் சரி. கல்லாவுல மொதலாளியம்மா ஒக்காந்திருப்பாங்க. படத்தை வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, "தம்பி, இதுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடு"ன்னு எங்கண்ணனைக் கூப்பிடுவாங்க. அவன் பின்சுவரு ஓரமா கெடக்கற துண்டுக் குவியல்ல இருந்து ஒண்ணை உருவி வெட்டிக் குடுப்பான். குப்பத்துல, மார்க்கெட்டுல, எல்லாருக்கும் இது தெரியும். எங்க வீட்டு மாரியாத்தா படத்துக் கண்ணாடியே அங்க வாங்கினதுதான். அது ஜன்னல் கண்ணாடி, படத்துக்குக் கொஞ்சம் கனம் ஜாஸ்தி, ஆணி தாங்காது. சும்மா கெடைக்கறதுல யாரு கனம் பாக்கறா? புருஷன் போட்டோவுக்குக் கண்ணாடி வேணும்னா கூட மேல ஒரு அம்மன் படத்தை வச்சிக் கொண்டாருவாங்க சில பொம்பளைங்க. மொதலாளியம்மாவுக்கும் அது தெரியும், சிரிச்சிக்கிட்டே குடுப்பாங்க. நல்ல மனசுதான் அப்பல்லாம். நல்ல மனசுன்னா என்னான்னு அப்புறம் பாத்தேன்.

சாஃப்ட்வேர் வந்ததும் அந்தக் குவியல் செத்துப் போச்சு. சுவரு ஓரமா வந்து விழுந்ததெல்லாம் விரல் அகலச் சீவலுங்க, அதுல ஒரு பிள்ளையாரைக்கூட மூட முடியாது. கொஞ்சம் பெருசா மிஞ்சற துண்டை சாஃப்ட்வேர் விடாது. அதுக்கு ஒரு நம்பர் குடுக்கும், அந்த நம்பரை ஸ்டிக்கரா அடிச்சு துண்டு மூலையில ஒட்டி ராக்குல நிக்க வைக்கணும். மறுநாள் ஆர்டர் போட்டா, புது ஷீட்டை எடுக்கறதுக்கு முன்னாடி ராக்குல இருக்கற துண்டைத்தான் மொதல்ல எடுக்கச் சொல்லும். மிச்சம் புடிக்கறதே அப்படித்தான். சாமி கேட்டு வர்றவங்க மட்டும் நின்னாங்களா? ஆடி மாசம் வருது, ஆயுத பூஜை வருது, மாதா திருவிழா வருது. மொதலாளியம்மா பழைய பழக்கத்துல கூப்பிட்டாங்க, எங்கண்ணன் பழைய பழக்கத்துல வெட்டிக் குடுத்தான். குவியல்ல ஒண்ணும் இல்லாததால ராக்குல இருந்து எடுத்தான். "அம்மா, இது நம்பர் போட்டது"ன்னு மொத தடவை சொல்லியிருக்கான். "சாமிக்கு என்னடா நம்பரு, எடுடா, நான் அவருகிட்ட சொல்லிக்கறேன்"னு அவங்க சொல்லியிருக்காங்க.

எனக்கு இது எதுவும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு ஏசி வேணும்னு குடோன் ஓரமா ஒரு ரூம் அடச்சுக் குடுத்திருந்தாங்க, கதவைச் சாத்திட்டா கல்லாப் பக்கம் இடி விழுந்தாலும் கேக்காது. காலையில அண்ணன் வந்து, "இந்த நம்பர் துண்டு இல்ல, வேற போட்டுக் குடு"ம்பான், எங்க போச்சுன்னு சொல்ல மாட்டான். ராக்கை அடுக்கறது எடுக்கறது நாலு பேரு, எங்கியாவது மாறி இருக்கும்னு நெனப்பேன். நானா எதையும் அழிக்க மாட்டேன், நேரா மொதலாளிகிட்ட போய்க் கேப்பேன். ஏன்னா அந்தத் துண்டை ராக்குக் கணக்குல இருந்து எடுக்கணும்னா சாஃப்ட்வேர் காரணம் கேக்கும். மூணே மூணு காரணந்தான் அதுல: உபயோகிச்சாச்சு, உடஞ்சுது, காணோம். சாமிக்குக் குடுத்தாச்சுன்னு நாலாவதா ஒண்ணு இருக்குன்னு அதை எழுதின பிரெஞ்சுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

மொதலாளி ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மோட்டு வளையைப் பாப்பாரு. "காணோம்னு போட்டுடும்மா"ன்னு சொல்வாரு.

"உடஞ்சுதுன்னு போடட்டுமா மொதலாளி?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"உடஞ்சுதுன்னா உங்கண்ணன் மேல வந்துடும். அவன் கைதானே வெட்டுது? காணோம்னா யாருக்கும் கெட்ட பேரு இல்ல பாரு."

எனக்குப் பெருமையா இருந்துச்சு. பாரு, எங்கண்ணன் மேல இந்த மனுஷனுக்கு எவ்வளவு கரிசனம்னு வீட்ல வந்து சொன்னேன். எங்கம்மாகூட, "அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்"னு மீன் கையோட கும்பிட்டா. த்தூ.

அடுத்த லீவுக்கு மாப்பிள்ளை வந்தாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டு, கடைக்குள்ள வந்ததுல இருந்து மொதலாளி ஒரு எடத்துல ஒக்காரல. மாப்பிள்ளைக்கு இளநி, மாப்பிள்ளைக்கு ஃபேனு, மாப்பிள்ளைக்கு அந்தச் சேரு. கடையில அவரும் பணம் போட்டிருக்காரு, சாஃப்ட்வேரும் அவரு கொண்டாந்தது. மரியாதைக்குக் கேக்கணுமா? ஏசி ரூமுக்கு வந்து என் பக்கத்துல ஒக்காந்து, மெனுவுல நான் தொட்டே பாக்காத ஒரு பட்டனைத் தட்டினாரு. காணோம்னு போட்ட துண்டெல்லாம் வரிசையா வந்துச்சு. தேதி, நம்பர், நீளம், அகலம். ஸ்கிரீன் ஓடிக்கிட்டே இருக்கு, முடியல.

"நோன்"னாரு. அப்புறம் மறுபடியும், "நோன், நோன். ஸே பா நோர்மால்." இது சாதாரண விஷயம் இல்லேன்னு எனக்கே தமிழ்லயும் ஒரு தடவை சொன்னாரு. "மாமா, இங்க வாங்க. உடஞ்சது கொஞ்சந்தான் இருக்கு. காணோம்னு இவ்வளவு எப்படி வரும்? கண்ணாடிக்கு ரெக்கையா இருக்கு? யாரோ எடுத்துட்டுப் போறாங்க."

மொதலாளி அந்த ஸ்கிரீனைப் புதுசா பாக்கற மாதிரி பாத்தாரு. நான் அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப சொல்லுவாரு, நாந்தான் போடச் சொன்னேன்னு இப்ப சொல்லுவாருன்னு. வாயைத் திறக்கல.

"ராக்கு யாரு கையில?"ன்னாரு மாப்பிள்ளை.

"வெட்டற பையன் கையிலதான்"னாரு மொதலாளி.

பையனாம். அந்தக் கடையில எத்தனை வருஷம் ஒழச்சவன், பையனாம். எங்கண்ணனைக் கூப்பிட்டாங்க. கையொறையைக் கழட்டிக்கிட்டே வந்து நின்னான். மாப்பிள்ளை கத்தல, திட்டல, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு: "இந்தத் துண்டெல்லாம் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" எங்கண்ணன் திறந்திருந்த கதவு வழியா கல்லாவைப் பாத்தான். மொதலாளியம்மா ஊதுவத்தி கொளுத்திக்கிட்டு இருந்தாங்க, திரும்பல. அவன் மொதலாளியைப் பாத்தான். அவரு, "பழைய ஆளுங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்"னு மாப்பிள்ளை தோளைத் தட்டி வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் பாத்துக்கறேன்னா என்னா அர்த்தம்? இவன் எடுத்தான், நான் மன்னிச்சிட்டேன்னு அர்த்தம். வேற என்ன?

வீட்டுக்கு வந்து அவனைப் புடிச்சு உலுக்கினேன். அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னான். சாமி படம், மொதலாளியம்மா, ராக்கு, நான் சொல்லிக்கறேன்னு அவங்க சொன்னது.

"ஏண்ணே, இதை அங்கியே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மாப்ள முன்னாடி எப்படிம்மா சொல்றது? அவங்க மாமியாரு. அசிங்கமாப் போயிடாது அவங்களுக்கு?"

"உனக்கு அசிங்கம் இல்லியா?"

"அம்மாவே சொல்லிடுவாங்க. நேரம் பாத்துச் சொல்லுவாங்க."

அவன் அப்படித்தான். வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது. எனக்கு அவன் மேலயே வந்த கோவத்துக்கு அளவில்ல. அவங்க வீட்டு மானத்தை இவன் தூக்கிச் சொமக்கறானாம், இவன் மானம் தரையில கெடக்கு.

மறுநாள் காலையில மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி நேரா கல்லாவுக்குப் போனேன். மொதலாளியம்மாகிட்ட வெடுக்குனு கேட்டுட்டேன். அவங்க கண்ணு கலங்கிடுச்சு, என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. "அய்யோ, உங்கண்ணன் தங்கமாச்சே. நான் சொல்லிடறேண்டி. மாப்ள சாப்ட்டு வரட்டும், நான் சொல்லிடறேன்." மாப்பிள்ளை சாப்ட்டு வந்தாரு. காப்பி குடிச்சாரு. மத்தியானம் சாப்ட்டாரு. அடுத்த நாளும் சாப்ட்டாரு. அவரு சாப்ட்டுக்கிட்டே இருந்தாரு, இந்தம்மா பரிமாறிக்கிட்டே இருந்தாங்க. கடையில மத்தவங்க எங்கண்ணன்கூட டீ குடிக்கப் போறதை விட்டுட்டாங்க.

அந்த ஞாயித்துக்கெழமை எங்கம்மாவுக்குத் தொணையா மார்க்கெட்டுக்குப் போனேன். வழியில பூக்காரம்மா கடை. உதிரிப் பூ வாங்க நின்னப்ப, பின்னாடி மாட்டியிருந்த முருகர் படத்து மூலையில வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது. கிட்டப் போய்ப் பாத்தேன். எங்க ஸ்டிக்கர்! நான் அடிச்ச நம்பர், என் பிரிண்டர்ல வந்த எழுத்து. பிச்சிப் போடணும்னு அந்தம்மாவுக்குத் தோணவே இல்ல.

"யாருக்கா குடுத்தா இந்தக் கண்ணாடி?"

"வேற யாரு, அந்த மவராசிதான். உங்கண்ணன்தான் கச்சிதமா வெட்டிக் குடுத்துது."

எனக்கு உயிர் வந்துச்சு. மீனையும் மறந்துட்டேன், எங்கம்மாவையும் மறந்துட்டேன். எலுமிச்சம்பழக்காரம்மா கடையில போய்ப் பாத்தேன், லட்சுமி மேல ஸ்டிக்கர். கூலியாளுங்க துணி மாத்தற சந்துல ஒரு அய்யனார், அதுலயும் ஸ்டிக்கர். அப்படியே வெயில்ல நடந்து வைத்திக்குப்பம் போனேன், வலை பின்னிக்கிட்டிருந்தவரு வீட்டு வாசல்ல மாதா. எங்க குப்பத்துக்கு வந்தேன், பக்கத்து வீட்லயே இருக்கு. பேப்பர் இல்ல, உள்ளங்கையில பேனாவால நம்பரை எழுதிக்கிட்டே வந்தேன். எங்கம்மா பாத்துட்டு, "என்னாடி இது, மருதாணி மாதிரி"ன்னா. சிரிச்சேன். பல நாளுக்கப்புறம் அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சேன்.

திங்கக்கெழமை கையக்கூட சரியாக் கழுவாம கடைக்குப் போனேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருந்தாரு. கதவை அகலமாத் திறந்து வச்சேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு. உள்ளங்கையை விரிச்சு அவரு முன்னாடி நீட்டினேன். ஒவ்வொரு நம்பரா நான் சொல்ல, அவரு தட்டித் தட்டிப் பாத்தாரு. அத்தனையும் காணோம்ல இருந்த நம்பர். அவரு கண்ணு விரிஞ்சுது. "பிராவோ!"ன்னாரு. "எங்க இருக்கு இதெல்லாம்?"

நான் தலைய நிமித்திச் சொன்னேன். பூக்காரம்மா, எலுமிச்சம்பழக்காரம்மா, மார்க்கெட்டு கூலியாளுங்க, வைத்திக்குப்பம், குருசுக்குப்பம். "எங்க பக்கத்து வீட்லகூட இருக்கு சார். எல்லாம் சாமி படம். நேர்லயே வந்து பாருங்க."

அவரு நாற்காலியில சாஞ்சாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு. "உங்கம்மாவும் அந்த மார்க்கெட்டுலதானே?"

"ஆமா சார்."

"பக்கத்து வீடு. உங்க குப்பம். உங்கம்மா மார்க்கெட். எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்க. வெட்டிக் குடுத்தது உங்கண்ணன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அட பாவி மனுஷா! சாமி படத்துக்குக் கண்ணாடி கூட வாங்க முடியாதவங்க எங்க இருப்பாங்க? வெள்ளைக்காரத் தெருவுலயா இருப்பாங்க? எங்க ஜனந்தான் இருக்கும். எங்க ஜனந்தான் வந்து கேக்கும். நான் வெயில்ல அலஞ்சு கையில எழுதிக்கிட்டு வந்த சாட்சி, எங்கண்ணன் கழுத்துக்கே சுருக்கா வந்து நிக்குது.

"அம்மா சொல்லித்தான் குடுத்தான்!"னு கத்தினேன். கல்லாப் பக்கம் கையக் காட்டினேன். "அவங்களைக் கேளுங்க. இந்தக் கடை வழக்கம் இது. எங்க வேணும்னாலும் விசாரிங்க."

மாப்பிள்ளை எழுந்து வெளிய வந்தாரு. வெட்டற மேஜையில எங்கண்ணன், கையில கட்டரோட அப்படியே நின்னான். மொதலாளி பில் எழுதறதை நிறுத்தினாரு. மாப்பிள்ளை ரொம்பப் பணிவா, "அத்தை, நீங்க குடுக்கச் சொன்னீங்களா?"ன்னாரு.

சொல்லுங்கம்மா, ஆமான்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு அவங்களுக்கு என்ன செலவு? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்னா பண்ணுவாரு, மாமியாரைத் தூக்குலயா போடுவாரு? மொதலாளியம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாங்க.

"முன்னாடியெல்லாம் குப்பையில கெடக்கறதை ஒண்ணு ரெண்டு குடுக்கறதுதான் மாப்ள. இந்த நம்பரு கணக்கெல்லாம் எனக்கு என்னா தெரியும்? ராக்குப் பக்கம் நான் போறதே இல்லியே."

போறதே இல்லதான். போனது எங்கண்ணன். கூப்பிட்டது யாரு?

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மொதலாளி என் முழங்கையைப் புடிச்சு குடோன் பக்கம் இழுத்துட்டுப் போனாரு. "ஏம்மா, எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல இருந்தே தெரியும். அதனாலதான காணோம்னு போடச் சொன்னேன். இப்ப என்னா பண்ணச் சொல்ற? மாப்ள பணம் போட்டிருக்காரு. அவரு முன்னாடி என் பொண்டாட்டியை நிக்க வச்சு, நீதான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லச் சொல்றியா? என் பொண்ணு அங்க போய் அந்த வீட்ல எப்படி வாழ்வா? உங்கண்ணனுக்கு என்ன, நான் வேலையை விட்டா எடுக்கறேன்? ஒரு வார்த்தைதானே. பட்டுக்கிட்டா போவுது."

ஒரு வார்த்தைதானே. அந்த ஒரு வார்த்தை என்னான்னு அவரு வாயால சொல்லல. திருடன்.

"உங்க பொண்ணு வாழணும். எங்கண்ணன் வாழ வேணாமா? அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"ன்னு கேட்டேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி இன்னும் நாலு கேட்டேன், அதையெல்லாம் இங்க எழுத முடியாது. மனுஷன் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. குனிஞ்சாரே ஒழிய அங்க போய் சொல்லல.

நாங்க திரும்பி வந்தப்ப எங்கண்ணன் மாப்பிள்ளை முன்னாடி நிக்கறான். கட்டரை மேஜை மேல வச்சிட்டு, ரெண்டு கையையும் முன்னாடி கட்டிக்கிட்டு. அவன் சொல்றது என் காதுல விழுந்துச்சு: "தெரியாம நடந்து போச்சு சார். தெரிஞ்சவங்க கேட்டாங்கன்னு குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க. இனிமே நடக்காது."

மொதலாளியம்மா ஓன்னு அழுதுட்டாங்க. தலைப்பால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. மாப்பிள்ளை, "அழாதீங்க அத்தை, சின்ன விஷயம், அவருதான் ஒத்துக்கிட்டாரே"ன்னு அவங்களைச் சமாதானப்படுத்தறாரு. எங்கண்ணனுக்குக் கண்ணுல ஒரு சொட்டு இல்ல. அவனைச் சமாதானப்படுத்த அங்க ஒருத்தனும் இல்ல.

நான் ஏசி ரூமுக்குள்ள போய் என் பையை எடுத்துக்கிட்டேன். வெளிய வந்து, "வாண்ணே, போலாம்"னேன். அவன் அசையல. "வாடா!"ன்னு கத்தினேன், வாழ்க்கையிலயே அவனை 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான். அவன் கையொறையை மாட்டிக்கிட்டே சொன்னான்: "எனக்கு வேற என்னாம்மா தெரியும்? நீ போ. வெயில் ஏறுது." மேஜைப் பக்கம் திரும்பி கட்டரைக் கையில எடுத்துக்கிட்டான். நான் ஒருத்திதான் படி எறங்கினேன்.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் எனக்கும் அவனுக்கும் பேச்சில்ல. நான் வேற எடத்துல, ஒரு பேங்க்குக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில சேந்துட்டேன். எங்கம்மா நடுவுல கெடந்து தவிச்சா. யாரு மேல கோவம்னு கேப்பா. எல்லார் மேலயும்னு சொல்வேன். மாப்பிள்ளையை மட்டும் கொஞ்சம் விட்டுடலாம், அவரு தெரியாதவரு. தெரிஞ்சும் கம்முனு இருந்தாங்களே, அவங்களை எந்தச் சாமி படத்துக் கண்ணாடியும் காப்பாத்தக் கூடாதுன்னு சபிச்சேன். இப்பவும் அதை வாபஸ் வாங்கல.

ஒரு நாள் சாயந்திரம் எங்கம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அண்ணனைக் கூட்டிட்டு வரலாம்னு கடைக்குப் போனேன். உள்ள போக மனசில்ல, எதிர்த்தாப்புல சோடாக் கடை நிழல்ல நின்னேன். வேலை விடற நேரம். கேட்டு ஓரமா வாட்ச்மேன் ஒரு ஸ்டூல் போட்டு ஒக்காந்திருந்தாரு. மாப்பிள்ளை ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு புது ரூல் போட்டுட்டுப் போயிருக்காரு, யாரு வெளிய போனாலும் பையைக் காட்டிட்டுப் போகணுமாம். ஒவ்வொருத்தரா வந்தாங்க. வாட்ச்மேன் ஒப்புக்கு ஒரு பார்வை பாத்துட்டு, "போ, போ"ன்னு விட்டுக்கிட்டே இருந்தாரு.

எங்கண்ணன் வந்தான். அந்த வாட்ச்மேன் அவன்கூட வருஷக்கணக்கா டீ குடிச்சவரு, அவரால அவன் மூஞ்சியைப் பாக்க முடியல. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டு, "நீ போப்பா"ன்னாரு. எங்கண்ணன் போகல. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். பையைக் கவுத்துக் காட்டினான். தோள்ல கெடந்த துண்டை உதறிக் காட்டினான். அப்புறம் டிபன் கேரியரை எடுத்து ஸ்டூல் ஓரமா வச்சு, யாரும் கேக்காமயே, ஒவ்வொரு அடுக்காத் திறந்து காட்டினான். ரசம் காஞ்சு போன கிண்ணம். ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கிட்டு இருக்கு.

சோத்து டப்பாவுல எங்க இருக்கும் கண்ணாடி? பாவிங்களா, கெட்டதுக்குக்கூட ஒரு நியாயம் வேணாமா?

திரும்ப அடுக்கி மூடும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்னைப் பாத்துட்டான். கொஞ்சங்கூட மறைக்கல, வெக்கப்படல. தெனமும் பல்லு வெளக்கற மாதிரி ஆயிடுச்சு அவனுக்கு அது. "என்னாம்மா, அம்மாவுக்கு ஒடம்பு முடியலியா?"ன்னு கேட்டுக்கிட்டே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தான்.